புகை வந்தால் முதலில் கதவைச் சாத்துங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மருத்துவமனைத் தீ பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வடசென்னையின் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துக் கடிதங்கள். தீயணைப்பு, மின்சாரம், மருத்துவ வாயுக் குழாய் வேலைகளில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: எங்கள் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் ஸ்பிளிட் ஏ.சி. பிளக் உருகிப் புகை வந்தது. எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்ச்) கடைசி வரை விழவே இல்லை. "எம்.சி.பி. மட்டம், புதுசு மாத்தணும்" என்கிறார் எலெக்ட்ரீஷியன். சரியா?
– ஸ்டாஃப் நர்ஸ், ராயபுரம்

பதில்: எம்.சி.பி. மேல் பழி போட வேண்டாம். அது இரண்டே காரணத்துக்குத்தான் விழும்: கம்பி தாங்காத அளவுக்குக் கரண்ட் ஓடினால், அல்லது ஷார்ட் ஆனால். உங்கள் பிளக்கில் நடந்தது இரண்டும் இல்லை. அது லூஸ் கான்டாக்ட்.

கணக்கு எளிது. ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். பிளக் பின் சாக்கெட்டில் உட்காரும் இடத்திலோ, திருகு தளர்ந்த டெர்மினலிலோ அரை ஓம் தடை உண்டானால், அந்த ஒரு புள்ளியில் (கரண்ட் × கரண்ட் × தடை) 8 × 8 × 0.5 = 32 வாட் சூடு. ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்தச் சூட்டை ஒரு பிளாஸ்டிக் பிளக்குக்குள் வைத்து ராத்திரி பகலாக விட்டிருக்கிறீர்கள். சாதாரணக் கம்பியின் பி.வி.சி. உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். எம்.சி.பி.க்கோ ஓடுவது அதே 8 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்.சி.பி. ஏன் விழப்போகிறது? ஆர்.சி.சி.பி.யும் விழாது. அது பூமிக்குக் கசியும் கரண்டைத்தான் பார்க்கும், இங்கே கசிவு இல்லை.

வீட்டு ஏ.சி. ராத்திரி ஓடிக் காலையில் ஆறிவிடும். ஐ.சி.யு. ஏ.சி.க்கு ஓய்வு கிடையாது. அதோடு ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வரிசையில் உப்புக்காற்று செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். முதலில் கெடுவது மாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் டெர்மினல் பெட்டி, அடுத்தது பிளக்.

ஏ.சி.க்குப் பிளக்கே வேண்டாம். பக்கத்தில் இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் ஒரு டபுள் போல் எம்.சி.பி. வைத்து, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை நேராக இணைக்கச் சொல்லுங்கள். கம்பி நுனியை முறுக்கித் திருகின் அடியில் திணிக்கக் கூடாது. நுனிக்கு லக் என்ற உலோகக் காது போட்டு, நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து) முடுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி. ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு முறை, ஏ.சி.கள் முழு வேகத்தில் ஓடும்போதே எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டிகளை வெப்பப் படக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே அளவு லோடு உள்ள இரண்டு இணைப்புகளில் ஒன்று மற்றதைவிட 15 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் அன்றைக்கே சரி செய்ய வேண்டியது.

இன்னொன்று. சூடேறும் சுவிட்சும் பிளக்கும் பல நேரம் மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் விடும். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரத்தில் மீன் வாடை வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் சிக்கல். ஜன்னல் சாத்திய ஐ.சி.யு.வுக்குள் அந்த வாடை வந்தால் சுவிட்ச் போர்டுகளுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். சூடு தெரிந்தால் ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்குங்கள்.

கேள்வி: ஆக்சிஜன் எரியாது என்று பள்ளியில் படித்தோம். அப்படியானால் ஐ.சி.யு. தீ மட்டும் ஏன் கண்மூடித் திறப்பதற்குள் பரவுகிறது?
– பயோமெடிக்கல் டெக்னீஷியன், பெரம்பூர்

பதில்: படித்தது சரி. ஆக்சிஜன் எரியாது, மற்றதை எரிய வைக்கும். சாதாரணக் காற்றில் அது 21 சதவீதம். 23, 24 சதவீதத்தைத் தாண்டினாலே பருத்தித் துணி, நுரை மெத்தை, மாஸ்க் பிளாஸ்டிக் எல்லாம் சுலபமாகப் பற்றி வேகமாக எரியும்.

ஒரு ஐ.சி.யு. 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வையுங்கள். 180 கன மீட்டர் காற்று. நான்கு பேருக்கு ஹை ஃப்ளோவில் (மூக்குக் குழாய் வழியே அதிக வேகத்தில் ஆக்சிஜன் தரும் முறை) நிமிஷத்துக்கு 50 லிட்டர் வீதம் சுத்த ஆக்சிஜன் போகிறது. மொத்தம் நிமிஷத்துக்கு 200 லிட்டர், மணிக்கு 12 கன மீட்டர். நோயாளியின் உடம்பு எடுத்துக்கொள்வது இதில் மிகச் சொற்பம். மீதி எல்லாம் அறைக்குள்தான் வருகிறது. அறை முழுக்க அடைத்திருந்தால் ஒரே மணி நேரத்தில் 26 சதவீதத்தைத் தொடும். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும் கருவி. வெளிக்காற்றை ஒரு துளி கொண்டுவராது. பலர் இதை நம்ப மறுக்கிறார்கள். அதே அறையில் மணிக்கு ஆறு தடவை வெளிக்காற்று முழுசாக மாறினால் ஆக்சிஜன் 22-ஐத் தாண்டாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போட்டாலும் பாதி வேலைதான். காற்று உள்ளே வர வழி இல்லாமல் வெளியேற்ற முடியாது. எதிர்ச் சுவரில் வடிகட்டியோடு ஒரு காற்று வழி வேண்டும். கோவிட் நேரத்தில் அவசரத்துக்கு அறைகளை ஐ.சி.யு.வாக மாற்றியவர்கள் அநேகர் இதைச் செய்யவில்லை. 2021 ஏப்ரல் 23 அன்று மும்பையை ஒட்டிய விராரில் ஐ.சி.யு. ஏ.சி.யிலிருந்து கிளம்பிய தீயில் கோவிட் நோயாளிகள் குறைந்தது 13 பேர் இறந்தார்கள்.

ஹை ஃப்ளோ மூக்குக் குழாயை (கேனுலா) கழற்றி நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்கும்போது அதைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவது எல்லா வார்டிலும் உண்டு. அந்தப் பத்து நிமிஷமும் மெத்தைக்குள் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே இருக்கும். ஃப்ளோவை நிறுத்திவிட்டுப் போங்கள்.

கேள்வி: அப்பா மூன்றாவது மாடியில் ஆக்சிஜனோடு படுத்திருக்கிறார். ராத்திரி நான்தான் கூட இருக்கிறேன். தீ என்று கத்தினால் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவதா? லிஃப்டில் போகலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: லிஃப்ட் வேண்டாம். 2024 டிசம்பர் 12 ராத்திரி திண்டுக்கல்லில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. இறந்த ஆறு பேரும் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டவர்கள். தீ அவர்களைத் தொடவில்லை, புகைதான். லிஃப்ட் ஓடும் குழி மொத்தக் கட்டடத்துக்கும் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். கரண்ட் போனால் பெட்டி நடுவிலேயே நின்றுவிடும்.

கீழே ஓடுவதும் முதல் வேலை இல்லை. சினிமா தியேட்டரில் வெளியே ஓடச் சொல்வார்கள். நடக்க முடியாதவர்கள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரியில் முறையே வேறு. முதலில் பக்கவாட்டில் நகர வேண்டும். அதே மாடியில், ஒரு கதவுக்கு அந்தப் பக்கம். தீ இருக்கும் அறையை விட்டு அப்பாவை வெளியே எடுத்ததும் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். பிறகு வராந்தாவில் அடுத்த கதவைத் தாண்டிப் போய் அதையும் சாத்துங்கள். சாதாரண மரக்கதவுகூடப் புகையைச் சில நிமிஷம் நிறுத்தும். தீத்தடுப்புக் கதவு இரண்டு மணி நேரம் வரை தாங்குமாறு செய்யப்படுகிறது, ஆனால் சாத்தினால்தானே? அதன் அடியில் செங்கல்லோ பழைய செருப்போ முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருப்பதை எந்த ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். அந்தத் தளமே தாங்காது என்று ஊழியர்கள் சொன்னால்தான் மாடிப்படி.

அட்மிஷன் போட்ட அன்றைக்கே ஒரு காரியம் செய்து வையுங்கள். வார்டு வாசலில் நின்று இரண்டு பக்கமும் படிக்கட்டு வரை நடந்து, இடையில் எத்தனை கதவு என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் பலகை எதுவும் தெரியாது. சுவரைத் தடவிக் கதவை எண்ணித்தான் போக முடியும். ஏதாவது ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தால் அன்றைக்கே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாவால் நடக்க முடியாது, ஸ்ட்ரெச்சரும் கைக்கு வரவில்லை என்றால், ஆக்சிஜன் குழாயைக் கழற்றி ஃப்ளோவை மூடுங்கள். விரிப்போடு சேர்த்து அவரைத் தரையில் இறக்கி, தலைப்பக்கத்து விரிப்பை இரண்டு கையிலும் சுருட்டிப் பிடித்து இழுங்கள். ஒருவரே இழுக்கலாம். தூக்குவதைவிட இது நல்லது, ஏனென்றால் சூடான புகை மேலே நிற்கும், தரையை ஒட்டித்தான் மூச்சு விடக் காற்று இருக்கும். படியில் இறக்கினால் கால் முன்னால் போகட்டும், தலையை நீங்கள் தாங்குங்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டினால் கரியைத்தான் கொஞ்சம் தடுக்கும். ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு அதன் வழியே தாராளமாக வரும். அதே ஈரத்துணியைக் கதவின் அடியிடுக்கில் செருகினால் அதிகப் பலன். 2011 டிசம்பர் 9-ல் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் எரிந்தது அடித்தளம். 90 பேரை ஒட்டி இறந்தார்கள். பெரும்பாலோர் மேல் மாடிகளில், ஏறி வந்த புகையால்.

கேள்வி: வார்டு வாசலில் ஆக்சிஜன் வால்வு பெட்டி இருக்கிறது. தீப்பிடித்தால் உடனே மூடு என்று டிரெய்னிங்கில் சொன்னார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?
– நர்ஸிங் சூபரின்டென்டென்ட், வியாசர்பாடி

பதில்: சரியான கேள்வி. "உடனே மூடு" என்று ஒற்றை வரியில் சொல்லிக் கொடுப்பது ஆபத்து. மூடாமல் விட்டாலும் ஆபத்து, யோசிக்காமல் மூடினாலும் ஆபத்து.

வரிசை இப்படி இருக்கட்டும். எரியும் கட்டிலுக்கு மேலே இருக்கும் ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) முதலில் மூடுங்கள், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். அதே சமயம் வென்டிலேட்டரில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் நிற்க வேண்டும், கையில் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை). ஆம்பு பேக்குக்கு ஆக்சிஜன் இருந்தே ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லாவிட்டாலும் அறைக் காற்றை நுரையீரலுக்கு அனுப்பும், அடுத்த வார்டுக்குப் போகிற வரை உயிரைப் பிடித்து வைக்க அது போதும். எல்லோரும் கைக்கு மாறியாயிற்று என்று ஷிஃப்ட் இன்சார்ஜ் உரக்கச் சொன்ன பிறகுதான் பெட்டி வால்வு. தீ பெரிதாகி ஆளே உள்ளே நிற்க முடியாது என்ற நிலை வந்தால் இந்த வரிசையை விட்டுவிட்டு மூடுங்கள். திறந்த குழாயிலிருந்து 4 பார் அழுத்தத்தில் ஆக்சிஜன் தீக்குள் பாய்ந்துகொண்டிருந்தால் பக்கத்து வார்டும் போய்விடும். இதை முடிவு செய்கிறவர் யார் என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

பெட்டிக்கு வருவோம். அதன் மேல் எந்தெந்தக் கட்டில்கள் அதில் அடங்கும் என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். 'ஏரியா 2' என்று இருந்தால் ராத்திரி டியூட்டியில் இருக்கும் புதுப் பெண்ணுக்கு என்ன புரியும்? பெட்டிக்கு முன்னால் டிரிப் ஸ்டாண்டு, வீல்சேர் நிறுத்தக் கூடாது. வால்வு உள்ளே எரியும் அறைக்குள் இல்லாமல் கதவுக்கு வெளியே இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கட்டடங்களில் தடுப்புச் சுவர் எழுப்பியபோது வால்வு உள்ளே மாட்டிக்கொண்ட இடங்கள் உண்டு.

நோயாளியை இடம் மாற்றும்போது பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் போதும். 1.5 கன மீட்டர், அதாவது 1,500 லிட்டர். நிமிஷத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரம். வால்வை மெதுவாகத் திறக்கச் சொல்லிப் பழக்குங்கள். 150 பார் அழுத்தம் ஒரே வீச்சில் ரெகுலேட்டருக்குள் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) பாய்ந்தால் உள்ளே வாயு நசுங்கிச் சூடேறும். அங்கே துளி எண்ணெயோ கிரீஸோ இருந்தால் ரெகுலேட்டரே பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய்க் கையோடு சிலிண்டரைத் தொடாதே என்று பழைய டெக்னீஷியன்கள் திட்டுவது இதனால்தான்.

கடைசியாக, ஐ.சி.யு.வில் குழப்பத்தில் குழாயைப் பிடுங்குகிறவர்களின் கையை மெல்லிய கட்டுத் துணியால் கட்டிலோடு கட்டுவீர்கள். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள், கட்டில் தலைமாட்டில் கத்தரிக்கோல் தொங்கட்டும். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் இறந்த 28 பேர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள்.

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் 20 கட்டில் நர்ஸிங் ஹோம் நடத்துகிறோம். பிரசவ கேஸ்தான் அதிகம். குழந்தை திருட்டுக்குப் பயந்து பின்பக்கப் படிக்கட்டு கேட்டை ராத்திரி பூட்டுகிறோம். தெருவும் குறுகல், தீயணைப்பு வண்டி நுழையாது. வேறு வழி?
– நிர்வாகி

பதில்: பூட்டுக்குப் பதில் பேனிக் பார் போடுங்கள். உள்பக்கம் குறுக்கே ஒரு கம்பி. உடம்பால் தள்ளினாலே கதவு திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. அதோடு ஒரு பஸர் இணைத்தால், யார் தள்ளினாலும் நர்ஸ் ஸ்டேஷனில் அலறும். திருட்டுப் பயமும் தீர்ந்தது, வழியும் இருக்கிறது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்ற ஏற்பாடு ஏற்பாடே இல்லை. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவைக் கூட்டம் நெருக்கித் திறக்க விடாது.

படிக்கட்டு பெரிய சிக்கல். தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016, மருத்துவமனைக்குப் படிக்கட்டு 2 மீட்டர், உள்நோயாளிப் பகுதி வராந்தா 2.4 மீட்டர் அகலம் கேட்கிறது. வீட்டை மாற்றிய நர்ஸிங் ஹோம்களில் மூன்றடிப் படிதான் இருக்கும். அதில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாது. கட்டடத்தை இடிக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: சிசேரியன் முடிந்தவர்களையும் நடக்க முடியாதவர்களையும் தரைத்தளத்தில் வையுங்கள், ஆபீஸையும் ரெக்கார்ட் அறையையும் மேலே ஏற்றுங்கள். பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கிறது, வரவேற்பறை கீழே அழகாக இருக்க வேண்டுமே!

தெரு விஷயம். தீயணைப்பு வண்டி சுமார் இரண்டரை மீட்டர் அகலம். வண்டி நிற்கக்கூடிய முனையிலிருந்து உங்கள் வாசல் எத்தனை மீட்டர் என்று அளந்து வைத்து, 101-ல் பேசும்போதே சொல்லுங்கள். அத்தனை ஹோஸ் இறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். முகவரி, பக்கத்து அடையாளம், எந்த மாடி, எத்தனை பேர் படுக்கையில், ஆக்சிஜன் சிலிண்டர் எங்கே என்று இவ்வளவும் ஒரு அட்டையில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள். பதற்றத்தில் யாருக்கும் கதவு எண் ஞாபகம் வராது. ஓர் ஆளைத் தெருமுனைக்கு டார்ச்சோடு அனுப்புங்கள். முக்கியமாக, பெரிய டாக்டருக்குப் போன் போட்டு அனுமதி வாங்கிய பிறகு 101 என்று காத்திருக்காதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கலாம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கலாம். அங்கே வீணாகும் நேரத்தை நீங்கள் குறைக்க முடியாது, போன் செய்யும் நேரத்தைக் குறைக்கலாம். புகை மட்டும் தெரிந்தாலே கூப்பிடுங்கள்.

உங்கள் இடத்தில் பச்சிளங்குழந்தைகள் உண்டு. தாயின் பக்கத்தில் இருக்கும் குழந்தை தாயோடு போகட்டும். வார்மரில் (சூடு தரும் படுக்கை) இருக்கும் குழந்தைகளுக்கு முன்னால் இரண்டு பை வைத்த ஏப்ரன் தைத்து ஆணியில் மாட்டி வையுங்கள். ஒரு சிஸ்டர் இரண்டு குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் கைப்பிடியைப் பிடிக்க முடியும். குழந்தையின் அடையாள மணிக்கட்டுப் பட்டை கழலாமல் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாராவிலும் 2024 நவம்பரில் ஜான்சியிலும் எரிந்தவை பச்சிளங்குழந்தைகள் இருந்த அறைகள்தான்.

கேள்வி: ஐ.சி.யு.வுக்கு எந்தத் தீயணைப்பான்? எங்களிடம் எல்லா இடத்திலும் 6 கிலோ ஏ.பி.சி. பவுடர்தான்.
– ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், திருவொற்றியூர்

பதில்: வராந்தா, ஸ்டோர், லாண்டரி, கேன்டீன் பக்கத்துக்கு அது போதும். ஐ.சி.யு., ஆபரேஷன் தியேட்டர், ஸ்கேன் அறைக்கு 4.5 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு அல்லது கிளீன் ஏஜென்ட் (படிவு விடாத வாயு வகை) வையுங்கள். பவுடரை ஐ.சி.யு.வில் அடித்தால் தீ அணையும், ஆனால் அறையே வெள்ளைப் புகையாகிக் கட்டில் தெரியாது, மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு இருமல் கிளம்பும், வென்டிலேட்டர் போர்டுகளும் அரித்துப் போகும். எம்.ஆர்.ஐ. அறை தனி: அங்கே காந்தம் இழுக்காத வகை மட்டுமே, வாசலில் எழுதி வைத்து.

கார்பன் டை ஆக்ஸைடுக்கு அழுத்தமானி கிடையாது. பச்சைக் கோட்டைத் தேடாதீர்கள், எடை போடுங்கள். உள்ளிருக்கும் வாயுவில் 10 சதவீதம் குறைந்தால் நிரப்பக் கொடுங்கள். அடிக்கும்போது வாயு வெளிவரும் கூம்பை (ஹாரன்) கையால் பிடித்தால் தோல் உறைந்து ஒட்டிக்கொள்ளும், கைப்பிடியைப் பிடியுங்கள். அது கால் நிமிஷத்துக்குள் காலியாகிவிடும், இரண்டு மீட்டர் தூரத்துக்குள் நின்று அடித்தால்தான் பலன். மெத்தை பற்றினால் இது சுவாலையை அணைத்துவிடும், உள்ளே கங்கு இருக்கும், இரண்டு நிமிஷத்தில் மறுபடி எரியும். அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். ஆக்சிஜன் திறந்திருக்கும்போது எந்தத் தீயணைப்பானும் திணறும், முதலில் ஃப்ளோமீட்டரை மூடுங்கள். பவுடர் சிலிண்டரை மாதம் ஒருமுறை தலைகீழாகக் கவிழ்த்து எடுத்து மறுபடி நேராக மாட்டுங்கள், கடலோர ஈரத்தில் உள்ளே கட்டி தட்டும்.

கேள்வி: ஆபரேஷன் மேஜையிலேயே தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
– மருத்துவக் கல்லூரி மாணவி, பழைய சிறைச்சாலை சாலை

பதில்: உண்மை. ஸ்பிரிட் கலந்த கிருமிநாசினி, டயாதர்மி (மின்சாரத்தால் வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி) பொறி, முகத்துக்குப் பக்கத்தில் ஆக்சிஜன், மூன்றும் சேர்ந்தால் போதும். 70 சதவீத ஆல்கஹால் சுமார் 17 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி விடும். சென்னையில் மார்கழி விடியலில்கூடப் பெரும்பாலும் அதைவிடச் சூடு. தடவிய பிறகு ரோமம் இல்லாத தோலில் குறைந்தது 3 நிமிஷம் காய விட வேண்டும், ரோமம் உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். தொப்புளிலும் முதுகுக்கு அடியிலும் தேங்கியதைத் துடைத்து, நனைந்த துணியை எடுத்துவிட்டுத்தான் டிரேப் (நோயாளி மேல் போர்த்தும் துணி) போட வேண்டும். தலை, கழுத்து அறுவையில் டிரேப்புக்கு அடியில் திறந்த மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்தால் முடிந்தவரை 30 சதவீதத்துக்குள் வைப்பார்கள். ஆல்கஹால் சுவாலை வெளிர்நீலம், தியேட்டர் விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சூடும் வாடையும்தான் அறிகுறி. பற்றிவிட்டால் வாயுவை நிறுத்தி, டிரேப்பை இழுத்துத் தரையில் போட்டு, சலைன் ஊற்ற வேண்டும். அந்தக் கிண்ணம் சலைன் ஒவ்வொரு கேஸிலும் டிராலியில் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: ஆயுத பூஜைக்கு வார்டில் எல்லா மெஷினுக்கும் கற்பூரம் காட்டுகிறோம். வேண்டாம் என்றால் ஊழியர்கள் வருத்தப்படுவார்கள்.
– வார்டு இன்சார்ஜ், கொடுங்கையூர்

பதில்: வருத்தப்பட வேண்டியதில்லை. சந்தனம், குங்குமம், பூ, பொரி, சுண்டல் எல்லாம் வார்டில் இருக்கட்டும். கற்பூரமும் ஊதுவத்தியும் வரவேற்பறைக்கு வெளியே, திறந்த வெளியில். வென்டிலேட்டர் முன்னால் தீபாராதனை காட்டக் கூடாது. அடுத்து தீபாவளி வரும்: மொட்டை மாடியில் கிடக்கும் பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, காலி சானிடைசர் கேன்களை அதற்குள் இறக்கிவிடுங்கள். ராக்கெட் எங்கே விழும் என்று விடுகிறவனுக்கே தெரியாது.

கேள்வி: தீயணைப்புக் குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் ஹைட்ரன்ட் பம்ப் மூன்றும் இருக்கிறது, சர்ட்டிபிகேட்டும் இருக்கிறது. ஒத்திகையில் தண்ணீரே வரவில்லை.
– பராமரிப்புப் பிரிவு, மணலி

பதில்: முதலில் பேனலைப் பாருங்கள். பத்துக்கு ஆறு இடத்தில் என்று எண் சொல்ல மாட்டோம், ஆனால் அடிக்கடி காண்பது இதுதான்: சுவிட்ச் 'ஆட்டோ'வில் இல்லாமல் 'மேனுவ'லில் இருக்கும். ஜாக்கி பம்ப் (குழாயில் அழுத்தம் குறையாமல் பார்க்கும் சின்னப் பம்ப்) நொடிக்கொரு தரம் ஓடித் தொல்லை தருகிறது என்று யாரோ மாற்றியிருப்பார்கள். ஜாக்கி அடிக்கடி ஓடுகிறது என்றால் லைனில் எங்கோ கசிவு என்று பொருள். கசிவைத் தேடாமல் சுவிட்சை மாற்றினால் நோயை விட்டுவிட்டு தெர்மாமீட்டரை உடைத்த கதைதான்.

அடுத்து டீசல் பம்பின் பேட்டரி, டேங்க் வெளியேறு வால்வு, கடைசியாக ஹோஸ் முனையில் மாட்டும் நாசில். பித்தளை, கன்மெட்டல் நாசில்கள் காயலான் கடைக்குப் போய்விடும்; பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்றால் ஹைட்ரன்ட் டேங்கில் அதை நிரப்பாதீர்கள், இரும்புக் குழாய் உள்ளே துரு உதிர்ந்து நாசிலை அடைக்கும். வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் கடைசி ஹைட்ரன்ட்டைத் திறந்துவிட்டு, யாரும் பேனலைத் தொடாமல் ஜாக்கியும் பிறகு மெயின் பம்பும் தானாகக் கிளம்புகின்றனவா என்று பாருங்கள். அந்தக் கடைசி முனையில் சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தம் நிற்க வேண்டும். பிறகு மெயின் பம்பின் கரண்டை நிறுத்தி, டீசல் தானாக எடுக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை செய்து பார்த்தால் யாருக்கு என்ன தெரியும் என்பதும் தெரிந்துவிடும்.

ஸ்மோக் டிடெக்டருக்குக் கையுறையோ பாலிதீன் பையோ மாட்டி வைத்திருந்தால் அதையும் இன்றைக்கே கழற்றுங்கள். டிடெக்டர் பொய்யாக அலறுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் உள்ளே சேர்ந்த தூசி, ஸ்டெரிலைசர் ஆவி, கேன்டீன் தாளிப்பு. தூசிக்குக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். சமையலறையில் புகை டிடெக்டரை எடுத்துவிட்டு வெப்ப டிடெக்டர் வைக்கலாம்.

கேள்வி: வீட்டில் கணவருக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) வைத்திருக்கிறோம். பீடியை விட மாட்டேன் என்கிறார். மெஷினை நிறுத்திவிட்டுப் பிடித்தால் பரவாயில்லையா?
– வாசகி, காசிமேடு

பதில்: உடனே பிடித்தால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது, அம்மா. நிறுத்திய பிறகும் தாடி, மீசை, சட்டை, போர்வையில் ஆக்சிஜன் தங்கியிருக்கும். மூக்குக் குழாயோடு பீடி பற்ற வைத்தவர்களுக்கு முகமும் மூச்சுக்குழாயும் வெந்து போகிறது. பீடியை விடுவதுதான் ஒரே சரியான பதில். ராயபுரம் பக்கம் ஸ்டான்லி மருத்துவமனையில் புகைப் பழக்கத்தை நிறுத்த உதவி கிடைக்குமா என்று அவருடைய டாக்டரிடமே கேளுங்கள். அதுவரைக்கும், மெஷினை நிறுத்திக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, குறைந்தது 15, 20 நிமிஷம் வெளிக்காற்றில் உட்கார்ந்து, போர்வையை உதறிய பிறகே தீக்குச்சி. வீட்டுக்குள் ஒருபோதும் வேண்டாம்.

சமையலறைக்கும் மெஷினுக்கும் மூன்று மீட்டராவது தூரம் இருக்கட்டும். ஒற்றை அறை வீடு என்றால், அடுப்பு எரியும் நேரத்தில் அவரை வாசலில் உட்கார வையுங்கள். குத்துவிளக்கு, கொசுவத்திச் சுருளுக்கும் இதே கணக்கு. மூக்கு வறண்டால் வாஸலின் தடவ வேண்டாம், தண்ணீர் கலந்த ஜெல் மெடிக்கலில் கிடைக்கும். மெஷின் பிளக்கை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள். அதே போர்டில் குக்கரோ அயர்ன் பாக்ஸோ வேண்டாம். மெஷினின் காற்று உள்ளே போகும் பக்கம் சுவரிலிருந்து ஓர் அடி விலகி இருக்க வேண்டும், திரைச்சீலை அதில் ஒட்டக் கூடாது. வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்து ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.